தொழுநோய்: பழைய வியாதியும் புதிய ஆராய்ச்சியும்



காணிக்கையோடு வரும் கடிதங்களில் அடிக்கடி ஒரு கேள்வி இருக்கும். "ஐயா, தொழுநோய் நம் நாட்டில் ஒழிந்துவிட்டது என்று அரசாங்கமே அறிவித்துவிட்டதே, பின்னும் ஏன் அதற்கென்று தனியே நிதி கேட்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. இந்த இதழில் அதற்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

இறையியல் கல்லூரியை முடித்து ஊழியத்துக்கு வந்த புதிதில், வார்டில் மாலை ஜெபத்தின்போது நாகமானைப் பற்றிப் பேசினேன். குஷ்டம் பாவத்துக்கு அடையாளம், அது மெல்லப் பரவும், உணர்ச்சியைக் கொல்லும், மனிதனை அழுகச் செய்யும் என்று நான் படித்த பிரசங்கங்களில் இருந்ததையெல்லாம் அடுக்கினேன். ஜெபம் முடிந்ததும், காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு வயதான அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். "ஐயா, என் காலில் இருக்கிறது பாவமா? என் மகனும் அப்படிச் சொல்லித்தான் வீட்டைவிட்டு அனுப்பினான்" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு டாக்டர் ஒருவரிடம் புத்தகம் இரவல் வாங்கி, இந்த வியாதி என்னவென்று முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அன்று தொடங்கிய படிப்பை இன்றுவரை விடவில்லை. நான் மருத்துவன் அல்ல. எனக்குப் புரிந்ததை உங்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

ஒழிந்துவிட்டதா?

2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா எட்டிய இலக்கு எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சைப் பதிவேட்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை, தேசிய அளவில் 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியது என்பதே அதன் பொருள். வியாதியே இல்லாமற்போனது என்று பொருள் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிகிச்சை 6 மாதமோ 12 மாதமோ நடக்கும். அது முடிந்ததும் பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும். கிருமி போய்விட்டது, ஆகவே அது சரிதான். ஆனால் அதற்குள் நரம்பு செத்திருந்தால், மரத்துப்போன பாதம் அந்த மனிதரோடு கடைசிவரை இருக்கும். பதிவேட்டில் அவர் இல்லை. நம் மருத்துவமனைப் பெஞ்சில் இருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,82,800 பேர். அவர்களில் இந்தியாவில் மட்டும் 1,07,000க்கு மேல். உலகப் புதிய நோயாளிகளில் பாதிக்கும் அதிகமானோர் நம் தேசத்தார். அந்த ஓர் ஆண்டில் உலக அளவில் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த நோய் இருந்தது. 9,000க்கும் மேற்பட்டவர்கள் கண்ணுக்குத் தெரியும் ஊனம் வந்த பிறகே முதன்முதலாக மருத்துவரிடம் வந்தார்கள். வந்தார்கள், ஆனால் தாமதமாக வந்தார்கள். இனி நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தத் தாமதத்தைச் சுற்றியே வரும்.

சோம்பேறிக் கிருமி

1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்ற மருத்துவர், நோயாளியின் திசுவில் இந்த நோயின் கிருமியைக் கண்டார். பரம்பரை நோய், சாபம் என்றெல்லாம் உலகம் நம்பியிருந்த காலம் அது. இதுவும் ஒரு கிருமியால் வருவதே என்று அவர் சொன்னதால் இன்றும் இதற்கு ஹான்சன் நோய் என்ற பெயர் உண்டு.

இந்தக் கிருமி மகா சோம்பேறி. நம் குடலில் இருக்கும் சாதாரண பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். அதனால்தான் கிருமி உடலுக்குள் வந்து அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகள், சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகின்றன. யாரிடமிருந்து, எப்போது தொற்றியது என்று நோயாளியால் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் இதை வளர்க்க இதுவரை எவராலும் முடியவில்லை. குளிர்ச்சியான இடம் இதற்குப் பிடிக்கும். காது மடல், மூக்கு, தோலுக்கு அருகே ஓடும் நரம்பு ஆகியவை முதலில் பாதிக்கப்படுவது அதனால்தான். இந்தக் குணத்தை வைத்தே 1960இல் ஷெப்பர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலியின் குளிர்ந்த பாதத்தில் இதைப் பெருக வைத்தார். பின்பு 1971இல், உடல் வெப்பம் குறைவாக உள்ள ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கில் இது நன்றாக வளர்கிறது என்று கண்டார்கள்.

2001ஆம் ஆண்டில் இந்தக் கிருமியின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி எங்கிருந்து போனது தெரியுமா? நம் தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து. இன்றும் விஞ்ஞானிகள் அதை 'டி.என்.' வகை என்றே அழைக்கிறார்கள். அந்த இரண்டு எழுத்தும் தமிழ்நாட்டையே குறிக்கும். பெயர் தெரியாத அந்த மனிதர் கொடுத்த ஒரு சிறு தோல் துணுக்கு உலகத்துக்கே பாடப் புத்தகமாயிற்று.

அதில் கண்டது வியப்பானது. காசநோய்க் கிருமியும் இதுவும் உறவினர். காசநோய்க் கிருமிக்குச் சுமார் 4,000 மரபணுக்கள் உண்டு. இதற்கு வேலை செய்கிறவை 1,600 அளவே. இன்னும் 1,100 மரபணுக்கள் பழுதாகி, உபயோகமற்றுக் கிடக்கின்றன. மனித உடலுக்குள் ஓசி வாழ்க்கை வாழ்ந்து பழகி, தானாகப் பிழைக்கும் திறமையை இழந்துவிட்ட கிருமி இது. கண்ணாடித் தட்டில் வளர மறுப்பதன் காரணம் இதனால் ஓரளவு விளங்கியது. இன்னொரு நல்ல செய்தி: பெரும்பாலான மனிதர்களின் உடல் இதை இயல்பாகவே எதிர்த்து வென்றுவிடும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம் பாட்டிமார் பயந்ததற்கு ஆதாரம் இல்லை. சிகிச்சை பெறாத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகினால்தான் தொற்றும் வாய்ப்பு உண்டு. சிகிச்சை தொடங்கியபின் அவரிடமிருந்து பரவுவது நின்றுவிடும்.

ஒரு வேளை மருந்து

1981 முதல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்கிறது. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் என்பவை அந்த மருந்துகள். 1995 முதல் இவை உலகெங்கும் நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே குணமாக்கும் மருந்துக்குப் பஞ்சமில்லை. வருமுன் காப்பது எப்படி என்பதே இப்போதைய கேள்வி.

பங்களாதேஷில் 20,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளின் வீட்டார், அயலார், உறவினர் ஆகியோரில் ஒரு பகுதியினருக்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. 2008இல் முடிவு வெளிவந்தது. மருந்து உண்டவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் 57 சதவீதம் குறைந்திருந்தது. அதன் பின்வந்த ஆண்டுகளில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே இது பூரணப் பாதுகாப்பு அல்ல, பாதி பாதுகாப்பு. ஆனாலும் ஒரே வேளை மருந்துக்கு இது பெரிய பலன். 2018இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. நம் நாட்டுத் தேசியத் திட்டத்திலும் இது உண்டு.

இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. அயல்வீட்டாருக்கு மருந்து கொடுக்க வேண்டுமானால், ஏன் கொடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் தெருவில் யாருக்கு நோய் என்று தெரிந்துபோகும். ஆகவே நோயாளியின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. "என் வீட்டாருக்கு மட்டும் கொடுங்கள், அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள்" என்று கைகூப்பிக் கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருந்து கையில் இருக்கிறது. வெட்கம் வாசலை மறிக்கிறது.

தடுப்பூசி ஆராய்ச்சியும் நடக்கிறது. குழந்தைகளுக்குக் காசநோய்க்காகப் போடும் பி.சி.ஜி. ஊசி தொழுநோய்க்கும் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. இந்த நோய்க்கென்றே செய்யப்பட்ட 'லெப்வாக்ஸ்' என்ற தடுப்பூசியை அமெரிக்காவில் ஆரோக்கியமான சிலருக்குப் போட்டுப் பார்த்த முதற்கட்ட முடிவு 2020இல் வெளியானது. அது வழக்கத்துக்கு வர இன்னும் பல படிகள் உண்டு.

மருந்தும் விடாமுயற்சியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜோர்டான் நாடு சாட்சி. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தொழுநோயை நீக்கிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று அளித்தது. நாகமான் மூழ்கி எழுந்த நதியின் பெயரைத் தாங்கும் நாட்டுக்கு அந்தச் சான்று கிடைத்ததைப் படித்தபோது, நான் சற்று நேரம் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காட்டிலும் மண்ணிலும்

மனிதனிடம் மட்டுமே வாழும் கிருமி என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். சமீப ஆண்டுகளின் ஆராய்ச்சி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

2011இல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆர்மடில்லோக்களிடமும் அங்குள்ள நோயாளிகளிடமும் ஒரே வகைக் கிருமி இருப்பது தெரிந்தது. 2016இல் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரவுன்சீ தீவில் சிவப்பு அணில்களிடம் இதே கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 2024இல், வின்செஸ்டர் நகரில் தோண்டி எடுத்த மத்திய காலத்து அணில் எலும்பிலும் இது இருந்தது. அக்காலத்தில் மக்கள் அணிலின் ரோமத்தை ஆடையில் வைத்துத் தைத்தார்கள், அணிலை வீட்டில் வளர்க்கவும் செய்தார்கள். 2021இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கினி பிசாவு, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளின் காடுகளில், மனிதரோடு நெருங்கிப் பழகாத சிம்பன்சிகளுக்கே தொழுநோய் இருப்பதைத் தானியங்கிக் காமிராக்களின் உதவியோடு கண்டார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் நோயாளிகள் வாழும் பகுதியின் மண்ணில் இந்தக் கிருமியின் அடையாளம் உண்டு என்று 2008இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் அமீபாவுக்குள் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்று 2014இல் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது.

இதைப் படித்துவிட்டுத் தோட்டத்து அணிலைத் துரத்த வேண்டாம்! நம் ஊர் அணில் வேறு இனம். நம் நாட்டில் நோய் பரவுவது முக்கியமாகச் சிகிச்சை பெறாத மனிதரிடமிருந்து மனிதருக்கே. ஆனால் ஓர் உண்மையை இந்த ஆராய்ச்சி கற்றுத்தருகிறது. இந்தக் கிருமி எங்கெங்கோ ஒளிந்திருக்கக் கூடுமானால், எண்ணிக்கை குறைந்ததும் "முடிந்தது" என்று கண்காணிப்பைக் கைவிடுவது ஆபத்து.

இந்த விலங்கு ஆராய்ச்சியிலிருந்து எதிர்பாராத ஒரு வாசலும் திறந்திருக்கிறது. 2022இல் எடின்பரோ விஞ்ஞானிகளும் அவர்களோடு உழைத்த அமெரிக்கரும் ஒன்றைக் கண்டார்கள். இந்தக் கிருமி தொற்றிய ஆர்மடில்லோவின் ஈரல் பெரிதாக வளர்கிறது. புற்றுநோய்க் கட்டியாக அல்ல. இரத்தக் குழாய்களோடு முறையான, ஆரோக்கியமான ஈரலாகவே வளர்கிறது. தான் குடியிருக்க அதிக இடம் வேண்டி, கிருமி வீட்டைப் பெரிதாக்குகிறது போலும். எப்படி இதைச் செய்கிறது என்று அறிந்தால், ஈரல் கெட்டுப்போன மனிதருக்கு ஒருநாள் உதவலாம் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

செருப்பும் வெப்பமானியும்

இனி உங்கள் காணிக்கை நேராகப் போய்ச் சேரும் இடத்துக்கு வருகிறேன்.

1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று கண்டறிந்தார். வலி தெரியாததே காரணம். சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள்; தெரியாது. ஆணி ஏறிய காலோடு நடப்பார்கள், தெரியாது. உறக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. கிருமி எடுத்துக்கொள்வது உணர்ச்சியை. விரலை எடுப்பது கவனிக்கப்படாத காயம். நான் அன்று வார்டில் "அழுகச் செய்யும்" என்று பிரசங்கித்தது, அதே தமிழ் மண்ணில் பல ஆண்டுகளுக்கு முன்னரே தவறென்று நிரூபிக்கப்பட்டிருந்தது!

காயத்தைத் தடுத்தால் விரலைக் காக்கலாம் என்று தெரிந்ததும், அது பொறியியல் வேலையாயிற்று. உடலின் பாரம் பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தாமல் பரவும்படி, மிருதுவான நுண்துளை ரப்பரில் செருப்புச் செய்தார்கள். இன்றும் நாம் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அதுவே. ஆறாத புண்ணுக்குப் பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டுப் போட்டார்கள். 1966இல் டாக்டர் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபின், அங்கே அவரும் குழுவினரும் அழுத்தம் பட்டால் உடைந்து நிறம் காட்டும் நுண்ணிய சாயக்குமிழ்கள் கொண்ட காலுறையைச் செய்து பார்த்தார்கள். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே சாயம் தெரியும். நாளை புண் வரும் இடம் இன்றே தெரியும்.

புண் வருவதற்கு முன் அந்த இடம் சூடாகிறது என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். அது இப்போது சர்க்கரை நோயாளிகளுக்குப் பயன்படுகிறது. நோயாளி தினமும் வீட்டிலேயே இரு பாதங்களிலும் அதே இடங்களின் வெப்பத்தை அளக்கிறார். ஒரு காலுக்கும் மறு காலுக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு தொடர்ந்தால், நடையைக் குறைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவ்வாறு செய்தவர்களுக்குப் புண் குறைந்தது என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. இப்போது வெப்பம் அளக்கும் மிதியடிகளும், அழுத்தம் அறியும் செருப்பு அட்டைகளும் வந்திருக்கின்றன.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. அவர்களில் அநேகருக்குக் கால் மரத்துப்போகும். அன்று தொழுநோயாளியின் பாதத்துக்காக உங்கள் தாத்தாக்கள் போட்ட காணிக்கை, இன்று உங்கள் சபையின் முன் வரிசையில் இருப்பவர்களின் பாதத்தைக் காக்கிறது. ஒரு சமுதாயம் ஒதுக்கிவைத்தவர்களிடமிருந்தே அந்தச் சமுதாயம் முழுவதும் நன்மை பெற்றிருக்கிறது.

ஒரு சொல்லைப் பற்றி

லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களில் வரும் எபிரெயச் சொல் 'சாராஅத்'. அது மனிதன் தோலில் மட்டுமல்ல, வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் வரும் என்று அங்கே வாசிக்கிறோம். தொழுநோய் துணியில் வராது. ஆகவே அந்தச் சொல் பலவிதத் தோல் கோளாறுகளையும் பூசணத்தையும் சேர்த்துக் குறித்தது என்றே வேத அறிஞர் பலர் கொள்கிறார்கள். கிரேக்கத்தில் அதை 'லெப்ரா' என்று மொழிபெயர்த்தார்கள். கிரேக்க மருத்துவரிடையே அது செதில் செதிலாக உரியும் தோல் நோயின் பெயர். பல நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பெயர் ஹான்சன் நோயின்மேல் ஏறிக்கொண்டது. அதோடு தீட்டும் ஏறிக்கொண்டது. (மண்ணில் கிருமி இருப்பதை வேதம் முன்னமே சொல்லிற்று என்று யாராவது பிரசங்கித்தால், தயவுசெய்து நம்பாதீர்கள்.)

தேசத்தின் சட்டம் சற்றுத் தாமதமாகவேனும் திருந்தியது. 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019இல் நீங்கியது. சட்டம் திருந்தியபின்னும் நம் பிரசங்கமும் பேச்சும் திருந்தாதிருந்தால், அது சபைக்கு அழகல்ல. நம் ஆண்டவர் அந்த மனிதனைக் குணமாக்கும்போது வார்த்தையோடு நிறுத்தவில்லை. கையை நீட்டித் தொட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் உடலிலோ வீட்டார் உடலிலோ நிறம் மங்கிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அங்கே தொட்டால் தெரியவில்லை என்றால், உடனே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நம்மைப் போன்ற மருத்துவமனைக்கோ வாருங்கள். மருந்து இலவசம். சீக்கிரம் வந்தால் ஊனமே இல்லை. இதை உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் சொல்லுங்கள். காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு நன்றி. அது செருப்பாகவும் கட்டுத்துணியாகவும் பஸ் கட்டணமாகவும் மாறுகிறது. ஆனால் இந்தச் செய்தியைச் சபையில் வெட்கமின்றிப் பேசுவதற்குச் செலவே இல்லை.

அந்த அம்மாவுக்கு மறுநாள் காலையில் பதில் சொன்னேன். "இல்லை அம்மா, இது கிருமி. பாவம் அல்ல. நேற்று நான் சொன்னது தவறு" என்றேன். அவர்கள் சிறிது நேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு, "இதை என் மகனிடம் வந்து சொல்லுவீர்களா, ஐயா?" என்று கேட்டார்கள். போய்ச் சொன்னேன். அவர் அன்று கதவைத் திறந்து என்னை உள்ளே அழைக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது அழைத்தார். அம்மா வீடு திரும்பினார்கள்.

ஜெபத்தில் எங்களைத் தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்